மாணவர் கட்டுரையும் கணினிப் பிழைதிருத்தியும்: தமிழாசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் தமிழ் மொழிமூலம் 6ஆம் தரம் முதல் 13ஆம் தரம் வரை கற்பிப்போரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பதில்கள் இவை. முதன்மையாகத் தமிழ்க் கட்டுரைகளைப் பற்றியது. ஆங்கிலத்துக்கும் ஒரு கேள்வி உண்டு.

கருவி எந்தப் பிழையைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்?

ஒரு மாதிரிப் பந்தியை வைத்துப் பார்ப்பதே நேர்வழி. 8ஆம் தர மாணவர் எழுதக்கூடிய ஐந்து வசனங்கள்:

“அன்று பின்னேரம் காலிமுகத்திடலுக்கு சென்றோம். வானத்தில் பட்டங்கள் பறந்தது. தம்பி கடலை பார்த்து பயந்தான். பனி முடிந்து வந்த அப்பா எங்களுக்கு கடலை வாங்கி தந்தார். நானும் பட்டம் விட முயற்ச்சி செய்தேன்.”

இதில் எட்டுப் பிழைகள். ஐந்து சந்திப் பிழைகள் (திடலுக்குச் சென்றோம், கடலைப் பார்த்து, பார்த்துப் பயந்தான், எங்களுக்குக் கடலை, வாங்கித் தந்தார்). ஒன்று ஒருமை பன்மை மயக்கம் (பட்டங்கள் பறந்தன). ஒன்று எழுத்து மயக்கம் (பனி அல்ல, பணி). ஒன்று வெறும் எழுத்துப் பிழை (முயற்சி).

அகராதியை மட்டும் வைத்து இயங்கும் கருவிக்கு இதில் உறுதியாக அகப்படுவது ‘முயற்ச்சி’ ஒன்றுதான். ட், ற் ஆகிய இரண்டுக்கும் பின்னால் இன்னொரு மெய் புள்ளியோடு வராது. ஆகவே ‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’, ‘வெட்க்கம்’ போன்றவை எந்த அகராதியிலும் இருக்காது. ‘பனி’ அகராதியில் உள்ள சொல். ‘பறந்தது’ உள்ள சொல். அவை அப்படியே கடந்து போகும். அதேவேளை ‘காலிமுகத்திடலுக்கு’, ‘பின்னேரம்’ ஆகிய சரியான சொற்களின் கீழ் சிவப்புக் கோடு விழ நல்ல வாய்ப்பு உண்டு. மூன்று கோடுகள், அதில் ஒன்று மட்டும் உண்மை, ஏழு பிழைகள் தப்பிவிட்டன: இதை முதலில் விளங்கிக்கொண்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

சந்தி பார்க்கும் கருவிகள் இன்னொரு படி மேலே போகும். ‘-க்கு’ என்று முடியும் சொல்லின் பின் க, ச, த, ப வந்தால் வல்லினம் மிகும் என்பது ஈற்றெழுத்தைப் பார்த்தே சொல்லக்கூடிய விதி. அதனால் ‘திடலுக்கு சென்றோம்’, ‘எங்களுக்கு கடலை’ இரண்டும் இலகுவில் சிக்கும். ‘கடலை’யில்தான் சிக்கல். ‘கடலைப் பார்த்தோம்’ என்பதில் கடல் என்ற பெயரோடு ஐ உருபு வெளிப்படையாக நிற்கிறது, எனவே ஒற்று மிகும். ‘கடலை கொறித்தோம்’ என்பதில் கடலை தின்னும் பொருள். உருபு தொக்கி நிற்கிறது, எனவே மிகாது. எழுத்தளவில் இரண்டும் ஒன்றே. கொறிக்கும் கடலையா பார்க்கும் கடலா என்பதை வசனத்தின் பொருளை அறிந்தால்தான் சொல்ல முடியும். ‘கீரை கடைந்தாள்’, ‘கீரைக் கடை’ என்பதும், ‘பாம்பு கடித்தது’, ‘பாம்புக் கடி’ என்பதும் இதே வகை.

வாதத்தின் ஒழுங்கு, உதாரணத்தின் பொருத்தம், முடிவுரை தலைப்போடு ஒட்டுகிறதா என்பவை கருவியின் எல்லைக்கே வெளியில்.

தமிழுக்கு என்னென்ன கருவிகள் உள்ளன?

நீச்சல்காரன் என்ற புனைபெயருடையவர் உருவாக்கிய ‘வாணி’ எழுத்துப் பிழைகளைப் பார்க்கிறது. அவருடைய ‘நாவி’ சந்திப் பிழைகளைப் பார்க்கிறது. இரண்டும் இணையத்தில் இயங்குபவை. இணையம் இல்லாத கணினி அறைக்கு, இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஒஃபிஸ் பொருத்தம்: ஹன்ஸ்பெல் என்ற திறந்த மூலப் பிழைதிருத்திக்கான தமிழ் அகராதியை ஒருமுறை நிறுவினால் போதும். மைக்ரோசொஃப்ட் வேர்டுக்கும் தமிழ்ச் சரிபார்ப்புப் பொதி கிடைக்கிறது. லாங்குவேஜ் டூல் திறந்த மூலக் கருவி, தமிழையும் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் தமிழ் விதிகள் ஆங்கிலம், ஜெர்மன் விதிகளோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு.

ஒன்றை மட்டும் தெரிவு செய்யச் சொன்னால்: இணையம் இருந்தால் வாணி, இல்லாவிட்டால் லிப்ரே ஒஃபிஸ். நாவியை 9ஆம் தரத்துக்குக் கீழே கொடுக்க வேண்டாம். சந்தி விதியே படிக்காத பிள்ளைக்கு அதன் பரிந்துரை எதுவும் விளங்காது, கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளும்.

லிப்ரே ஒஃபிஸில் அகராதியை நிறுவியும் ஒரு கோடுகூட வரவில்லை. ஏன்?

பெரும்பாலும் மொழி அமைப்புத்தான் காரணம். தமிழ், அங்கே ‘சிக்கலான எழுத்து அமைப்பு’ மொழிகளில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அமைப்புகளில் மொழிகள் பக்கத்துக்குப் போய் அந்தப் பெட்டியில் அடையாளமிட்டு, அதன் இயல்புநிலை மொழியாகத் தமிழைத் தெரிவு செய்ய வேண்டும். பிறகும் வராவிட்டால் பந்தி முழுவதையும் தெரிவுசெய்து அதன் மொழி தமிழ்தானா என்று பாருங்கள். வேறிடத்திலிருந்து ஒட்டிய பந்தி தன் பழைய மொழி அடையாளத்தோடேயே வந்து நிற்கும்.

மாணவர் பாமினியில் தட்டச்சு செய்து தருகிறார்கள். கருவி முழுப் பக்கத்தையும் பிழை என்கிறதே?

கருவியின் பார்வையில் அது தமிழே அல்ல. பாமினி எழுத்துருவில் திரையில் ‘அம்மா’ என்று தெரிவது, கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைக் குறிகளாகவே இருக்கிறது. எழுத்துருவை மாற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எல்லாக் கணினிகளும் தமிழாகவே அறியும் பொதுக் குறியேற்றமான யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். இணையத்தில் பாமினி மாற்றிகள் நிறைய உண்டு. மாற்றும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, கட்டுரையின் இடையில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் மாற்றி அதையும் தமிழாக்கி அர்த்தமற்ற எழுத்துக் குவியலாக்கிவிடும். தமிழ்ப் பகுதிகளை மட்டும் துண்டு துண்டாக எடுத்து மாற்றுங்கள். இரண்டாவது, பாமினியில் அரைப்புள்ளி விசை மெய்யெழுத்தின் புள்ளியாகப் பயன்படுவதால் நிறுத்தக்குறிகள் குழம்பும். மாற்றிய பிறகு காற்புள்ளி, மேற்கோள்குறிகளை ஒருமுறை கண்ணால் பாருங்கள். இந்தக் குழப்பத்தால் வரும் பிழையை மாணவர் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

புதிதாகத் தட்டச்சுப் பழகும் வகுப்பென்றால் பாமினியைத் தொடவே வேண்டாம். இலங்கைத் தரநிலையான ரெங்கநாதன் விசைப்பலகையோ, கைப்பேசியில் உள்ள தமிழ் விசைப்பலகையோ நேரடியாக யூனிகோடில் எழுதும்.

சொல் கண்ணுக்குச் சரியாகவே இருக்கிறது, ஆனாலும் சிவப்புக் கோடு. கருவியில் கோளாறா?

எப்போதும் கருவியில்தான் கோளாறு என்றில்லை. பார்வைக்கு ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும் எழுத்துகள் தமிழில் சில உண்டு.

‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறி ஒரே குறியீடு. பலர் கெ என்று தட்டி, பக்கத்தில் ளகரத்தைத் தட்டி ‘கெளரவம்’ என்று ஆக்கிவிடுகிறார்கள். அச்சில் பார்த்தால் வேறுபாடு தெரியாது. கருவிக்கு அது ‘கெளரவம்’ என்ற இல்லாத சொல். ‘ஔவையார்’ ‘ஒளவையார்’ ஆவதும் இப்படித்தான். இதைப் போலவே துணைக்காலுக்குப் பதில் ரகரம், ‘எ’வுக்குப் பதில் தமிழ் எண் ஏழு (௭), ‘க’வுக்குப் பதில் எண் ஒன்று (௧) விழுவதும் உண்டு. ‘ஸ்ரீ’யை இரண்டு வகையாகக் குறியேற்றலாம், ஒன்றை மட்டும் அறிந்த அகராதி மற்றதைத் தள்ளும்.

சோதிக்கும் வழி இலகு: சந்தேகமான எழுத்தை அடுத்துச் சுட்டியை வைத்து பின்னழி விசையை ஒவ்வொரு தடவையாக அழுத்துங்கள். ‘கௌ’வில் முதல் தட்டில் ‘ள’ போன்ற பகுதி மட்டும் போய் ‘கெ’ மிஞ்சினால் அது பிழையான குறியேற்றம். முழு ஔகாரமும் மறைந்து ‘க’ மிஞ்சினால் சரி.

நம் பிள்ளைகள் எழுதும் சாதாரணச் சொற்களையெல்லாம் பிழை என்கிறதே?

கிடைக்கும் அகராதிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டு எழுத்து வழக்கிலிருந்து திரட்டியவை. கதிரை, பெறுபேறு, தவணை, பாண், திணைக்களம், முச்சக்கரவண்டி, உத்தியோகத்தர், சத்திரசிகிச்சை போன்றவற்றில் எது அடிபடும் என்பது அகராதிக்கு அகராதி மாறும். ‘ரிக்கற்’, ‘மார்க்கற்’ என்று ற் போட்டு எழுதும் நம் ஒலிபெயர்ப்பு அநேகமாக அடிபடும். கொட்டாஞ்சேனை, தெமட்டகொடை, பம்பலப்பிட்டி போன்ற ஊர்ப் பெயர்களும், முஸ்லிம் மாணவர் எழுதும் வாப்பா, ஜும்ஆ போன்ற சொற்களும் அப்படியே. இவற்றில் ஒன்றுகூடப் பிழை அல்ல. ‘கதிரை’யை ‘நாற்காலி’ ஆக்கச் சொல்லும் பரிந்துரையை மாணவர் ஏற்றுக்கொண்டால், திருத்தம் என்ற பெயரில் அவருடைய மொழியைப் பறித்தவர்கள் ஆவோம்.

தனிப்பட்ட அகராதி ஒன்றைச் சேர்த்து வைப்பதே தீர்வு. வேர்டிலும் லிப்ரே ஒஃபிஸிலும் வரிக்கு ஒரு சொல்லாக இதைச் சேர்க்கலாம். பலர் தவறவிடும் இடம் ஒன்று: ‘கதிரை’யைச் சேர்த்தால் ‘கதிரை’ மட்டுமே ஏற்கப்படும். கதிரையை, கதிரையில், கதிரைக்கு, கதிரைகள் என்று வேற்றுமை வடிவங்களையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். 60 பெயர்ச்சொற்களுக்கு ஐந்து வடிவங்கள் என்றால் 300 வரிகள். விரிதாளில் உருபுகளை ஒட்டிச் செய்தால் ஒரு பின்னேர வேலை. சொல்லின் ஈறு மாறும் இடங்களைக் கவனியுங்கள்: ‘திணைக்களம்’ என்பது ‘திணைக்களத்தில்’ ஆகும், ‘திணைக்களமில்’ ஆகாது. முடிந்த கோப்பை ஒரே பாடசாலையின் எல்லாக் கணினிகளிலும் போட்டுவிடலாம்.

கட்டுரை அப்பியாசக் கொப்பியில் கையெழுத்தாக இருந்தால்?

கைப்பேசியால் படம் பிடித்து எழுத்தாக மாற்றலாம்தான். ஆனால் கையெழுத்தை வாசிக்கும் மென்பொருள் சொல்லை ஊகித்து வாசிக்கிறது. மாணவர் எழுதிய ‘முயற்ச்சி’யை ‘முயற்சி’ என்று வாசித்துக் கொடுத்துவிடும், இல்லாத பிழையைப் புதிதாகவும் உண்டாக்கும். குரல்வழித் தட்டச்சு இன்னும் மோசம்: சொல்லும் சொல்லை அது தன் எழுத்துக்கூட்டலில் எழுதும், மாணவரின் ல ள ழ மயக்கம் தடயமில்லாமல் மறைந்துவிடும். இவை இரண்டும் பின்னூட்டத்துக்கு உதவா.

மாணவரே ஒரு பந்தியை, சுமார் 60 சொற்களை, தான் எழுதியபடியே தட்டச்சு செய்யட்டும். விசைப்பலகையின் தானியங்கித் திருத்தத்தையும் சொல் ஊகிப்பையும் முதலில் நிறுத்திவிட வேண்டும். முழுக் கட்டுரையும் தேவையில்லை. ஒரு மாணவரின் பிழைப் பழக்கம் 60 சொற்களிலேயே தலைகாட்டிவிடும்.

வகுப்பில் எந்த ஒழுங்கில் செய்வது?

இரண்டு பாடவேளைகள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது பாடவேளையில் கருவியே வேண்டாம். மாணவர் எழுதி, முதல் வரைவு என்று பெயரிட்டுச் சேமிக்கிறார். இந்தக் கோப்பில் பிறகு கை வைக்கக்கூடாது. எது மாறியது என்று ஒப்பிட இது ஒன்றே சான்று.

இரண்டாவது பாடவேளையில் பிரதி எடுத்த கோப்பைக் கருவியில் இடுகிறார். கோடு விழுந்த ஒவ்வொரு சொல்லையும் மூன்றில் ஒன்றாகப் பிரித்துக் கொப்பியில் எழுத வேண்டும்: ஏற்கிறேன், மறுக்கிறேன், தெரியவில்லை. ஏற்றாலும் மறுத்தாலும் பக்கத்தில் ஒரு சிறு காரணம். “ற்-க்குப் பின் ச் வராது” என்பது ஏற்றதற்கான காரணம். “ஊர்ப் பெயர்” என்பது மறுத்ததற்கான காரணம். “கருவி சொன்னது” என்று எழுதினால் அது காரணமே ஆகாது, திருப்பிக் கொடுங்கள்.

ஆசிரியருக்கு இந்தப் பட்டியல்தான் பொன். ‘தெரியவில்லை’ நிரலில் பத்துப் பேர் ஒரே வகையை எழுதியிருந்தால் அடுத்த பாடம் எது என்பது முடிவாகிவிட்டது. கருவி தவறவிட்டதை, அதாவது பனி பணி, பறந்தது பறந்தன போன்றவற்றை, நீங்கள் கையால் குறிக்கிறீர்கள். விடையை எழுதிக் கொடுக்காமல் வரியின் ஓரத்தில் ‘எ’ (எழுத்து), ‘ச’ (சந்தி), ‘ஒ’ (ஒருமை பன்மை) என்று மட்டும் போடுங்கள். சொல்லை மாணவரே தேடட்டும்.

ஒரு கட்டுரையில் எத்தனை பிழைகளைச் சுட்டலாம்?

கருவி 25 கோடு போட்டால் 25ஐயும் திருத்தச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே வகையில் மூன்று அல்லது நான்கு, மொத்தம் இரண்டு வகை போதும். சிவந்த பக்கத்தைப் பார்த்த பிள்ளை அடுத்த தடவை சிறிய வசனம், பழகிய சொல் என்று பாதுகாப்பாக எழுதத் தொடங்கும். பிழை குறையும், கட்டுரையும் செத்துவிடும்.

இதனால் ஆசிரியருக்கு நேரம் மிஞ்சுமா?

40 பேருள்ள வகுப்பில் ஒரு கட்டுரைக்குப் பத்து நிமிடம் என்றால் 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம். எழுத்துப் பிழையை மாணவரே கருவியோடு பார்த்துவிட்டு வந்தால் அந்தப் பத்தில் இரண்டு மூன்று நிமிடம் குறையலாம். ஆனால் முதல் தவணையில் தட்டச்சு, எழுத்துரு, அகராதி என்று அந்த மிச்சம் கரைந்துவிடும். நேரத்துக்காக மட்டும் தொடங்குபவர்கள் ஏமாறுவார்கள்.

கருவி எவ்வளவு நம்பகமானது என்று நாமே சோதிப்பது எப்படி?

உங்கள் வகுப்பின் பழைய கட்டுரைகளில் ஐந்தை எடுத்து, முதலில் கையால் திருத்தி, பிழைகளை எண்ணுங்கள். பிறகு கருவியில் இடுங்கள். உதாரணமாக, நீங்கள் கண்டது 42. கருவி போட்ட கோடுகள் 30. அவற்றில் உண்மையான பிழை 21 என்று கொள்வோம். 30இல் 21 என்பது 70 சதவீதத் துல்லியம். 42இல் 21 என்பது 50 சதவீதக் கண்டுபிடிப்பு.

இந்த இரண்டில் துல்லியத்துக்கே முதலிடம் கொடுங்கள். ஆங்கில இலக்கணத் திருத்திகளை ஒப்பிட்ட 2014ஆம் ஆண்டின் கோநெல் போட்டியிலும் துல்லியத்துக்கு இரட்டிப்பு எடை கொடுத்தே மதிப்பிட்டார்கள். தவறவிட்ட பிழையை ஆசிரியர் பிறகு பிடிக்கலாம். சரியாக எழுதிய சொல்லைப் பிழை என்று காட்டினால், அதை நம்பிய மாணவர் சரியானதைத் தவறாக மாற்றிவிடுவார். அதைத் திரும்ப நிமிர்த்துவது கடினம். துல்லியம் 60 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அந்தக் கருவியை மாணவர் கையில் கொடுக்காமல் நீங்கள் மட்டும் பயன்படுத்துங்கள். இந்த 60 எங்கள் அனுபவ மதிப்பீடு. எந்தத் தரநிலையும் அல்ல.

கோடுகளை எண்ணிப் புள்ளி போடலாமா?

வேண்டாம். ஊர்ப் பெயர்கள் நிறைந்த நல்ல கட்டுரைக்குக் கோடு கூடும். எட்டு வசனத்தில் முடித்த வெறுமையான கட்டுரைக்குக் குறையும்.

சட்ஜிபிடி போன்றவற்றிடம் கொடுத்தால் விளக்கத்தோடு திருத்தித் தருகிறதே?

பனி பணி வேறுபாட்டை வசனத்தைப் பார்த்து அது பிடிக்கக்கூடும். அகராதிக் கருவியால் முடியாத வேலை அது. ஆனால் மூன்று தொல்லைகள். கேட்டது பிழை மட்டுமாக இருந்தாலும் பந்தியையே மாற்றி எழுதித் தரும். ‘பின்னேரம்’ மாலையாகவும் ‘பரீட்சை’ தேர்வாகவும் போய்விடும். மிகவும் ஆபத்தானது மூன்றாவது: இல்லாத சந்தி விதியொன்றை உறுதியான தொனியில் சொல்லும். ‘வந்த பையன்’ என்ற பெயரெச்சத் தொடரில் ஒற்று மிகாது. அதற்கும் ‘ப்’ போடச் சொல்லி ஒரு காரணம் கற்பித்தால், இலக்கணம் அறியாதவர் நம்பிவிடுவார்.

பயன்படுத்துவதானால் கட்டளையை இறுக்கமாகக் கொடுங்கள்: “பின்வரும் பந்தியை மாற்றி எழுதாதே. பிழையான சொற்களை மட்டும் பட்டியலிடு. திருத்திய வடிவத்தைத் தராதே. பிழையின் வகையை ஒரு சொல்லில் சொல். இலங்கைத் தமிழ்ச் சொற்களைப் பிழையாகக் கொள்ளாதே.” ஒரே பந்தியைப் புதிய உரையாடலில் இன்னொருமுறை கொடுத்து, இரண்டு பட்டியலிலும் வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாணவருக்குக் காட்டுமுன் விதி சரிதானா என்று பாடநூலில் பாருங்கள்.

ஆங்கிலக் கட்டுரைகளுக்கு?

ஆங்கிலத்தில் கருவிகள் பல மடங்கு வலுவானவை. முதலில் மொழியை ‘ஆங்கிலம் (பிரித்தானியா)’ என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் நம் பாடநூல் எழுத்துக்கூட்டலை அமெரிக்க முறைக்கு மாற்றச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

தமிழ் பேசும் பிள்ளைகளின் வழமையான வழுக்களில் ‘டிஸ்கஸ் அபவுட்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, ‘வன் ஒஃப் மை ஃபிரெண்ட்’ போன்றவை அதிகம் பிடிபடும். ‘ஏ’யா ‘ஆன்’ஆ என்பதும் அப்படியே. தமிழில் இல்லாத ‘த’ (the) என்ற சுட்டுக்குறிதான் இடறும் இடம். அது வேண்டுமா இல்லையா என்பது, அந்தப் பொருள் முந்திய வசனத்தில் வந்துவிட்டதா என்பதைப் பொறுத்தது; வசனத்துக்கு வசனமாகப் பார்க்கும் கருவி அதைத் தவறவிடும். செயப்பாட்டு வினை, நீண்ட வசனம் ஆகியவற்றுக்கு வரும் நடைப் பரிந்துரைகளை அமைப்பில் நிறுத்திவிடுங்கள். அவை பிழைகள் அல்ல.

தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கும் சிங்கள மாணவருக்குப் பயன்படுமா?

எழுத்துக்கூட்டலுக்குப் பயன்படும். பேச்சுச் சிங்களத்தில் வினை, எழுவாய்க்கேற்ப மாறுவதில்லை. அதனால் ‘அவள் வந்தான்’, ‘நாங்கள் போனேன்’ போன்றவைதான் அவர்களுடைய பெரிய இடறல். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே சரி என்பதால் அகராதிக் கருவி மௌனமாக இருக்கும். அதை ஆசிரியரே பார்க்க வேண்டும்.

மாணவர் எழுத்தை இணையத்தளத்தில் இடுவது பாதுகாப்பானதா?

இணையக் கருவியில் ஒட்டும் எழுத்து வேறொருவரின் கணினிக்குப் போகிறது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. பாடசாலைகள் இப்போதே பழகிக்கொள்வது நல்லது. பெயர், சுட்டெண், பாடசாலை, வீட்டு முகவரி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒட்டுங்கள். ‘எனது குடும்பம்’ போன்ற தலைப்புகளில் பிள்ளைகள் வீட்டு விடயங்களை எழுதுவார்கள். அவற்றை இணையத்துக்கு அனுப்பாமல் லிப்ரே ஒஃபிஸிலேயே பாருங்கள். மாணவர் பெயரில் கணக்குத் திறக்கச் சொல்லும் கருவியைத் தவிர்த்துவிடுங்கள்.

பரீட்சை மண்டபத்தில் கருவி இல்லையே. பழகிவிட்டால் பிள்ளை தடுமாறாதா?

நியாயமான பயம். இலக்கணத் திருத்தமே எழுத்தை வளர்க்காது, கைவிடுங்கள் என்று இரண்டாம் மொழி கற்றல் ஆய்வாளர் ஜோன் ட்ரஸ்கொட் 1996இல் வாதிட்டார். டானா ஃபெரிஸ் 1999இல் அதை மறுத்தார். ஆய்வாளரிடையே விவாதம் நீண்டது. வகுப்பறைக்கு இதில் எடுக்கக்கூடியது: திருத்தத்தைப் பார்த்து எழுதுவது வேறு, பிழையைத் தேடிக் கண்டுபிடிப்பது வேறு.

ஆகவே கருவியோடு எழுதும் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு கட்டுரை தாளில், கருவியில்லாமல், நேரம் குறித்து எழுதப்பட வேண்டும். கருவி காட்டி மாணவர் ஏற்றுக்கொண்ட சொற்களிலிருந்து பத்தைத் தெரிந்து இரண்டு வாரம் கழித்துச் சொல்வதெழுதலாகக் கொடுங்கள். அதில் ஏழுக்குக் கீழே எடுப்பவருக்கு ஒரு மாதம் கருவியை நிறுத்திவிட்டு, பழைய முறையில் பிழைப் பட்டியல் எழுதவையுங்கள். சாதாரணதரப் பரீட்சைக்கு முந்திய தவணையில் 11ஆம் தரத்தினர் எவருக்கும் கருவி வேண்டாம்.